கோடையில் ஓவியக் கண்காட்சிக்கும் அருங்காட்சியகத்துக்கும் போகிறவர்கள் கேட்கும் கேள்விகள்

கோடை விடுமுறையில் எங்கே போகலாம் என்று யார் கேட்டாலும், "உங்கள் ஊரில் இப்போது என்ன கண்காட்சி நடக்கிறது?" என்றுதான் திருப்பிக் கேட்கிறேன். பலருக்கும் பதில் தெரிவதில்லை. தெரிந்தவர்களுக்கோ தயக்கம்: புரியாதே, குழந்தைகள் ஓடுவார்களே, சும்மா பார்த்துவிட்டு வந்தால் தவறாக நினைப்பார்களோ. பல ஆண்டுகளாகக் கண்காட்சிகளுக்குப் போய்வருகிறவன் என்ற முறையில், என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கப்பட்ட கேள்விகளையும் நான் சொல்லும் பதில்களையும் இங்கே தருகிறேன்.

கலையைப் பற்றி எனக்கு ஒன்றுமே தெரியாது. போய் என்ன செய்வது?

போய்ப் பார்ப்பதுதான். ஓவியம் பார்க்கத் தகுதித் தேர்வு எதுவும் கிடையாது. ஆனால் பலரும் முதல் அடியிலேயே தடுக்கி விழுகிறார்கள். படத்தின் முன் நின்றவுடன் "இது என்ன சொல்ல வருகிறது?" என்று கேட்டுக்கொள்கிறார்கள். பதில் வராததால் தமக்குப் புரியவில்லை என்று முடிவு கட்டி நகர்ந்துவிடுகிறார்கள். அந்தக் கேள்வியைத் தள்ளிவையுங்கள். "இதில் என்னென்ன இருக்கிறது?" என்று மட்டும் கேளுங்கள்.

ஓர் அறையை வரைந்த படம் என்று வைத்துக்கொள்வோம். மேசைமேல் ஒரு குடம். குடத்தின் நிழல் இடப்பக்கம் விழுகிறது. அப்படியானால் வெளிச்சம் வலப்பக்கத்திலிருந்து வர வேண்டும். ஆனால் சன்னல் இருப்பது இடப்பக்கம், அதுவும் பாதி சாத்தியிருக்கிறது. பிறகு அந்த வெளிச்சம் எங்கிருந்து வருகிறது? படத்துக்கு வெளியே யாரோ விளக்கைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார்களா? இந்தக் கேள்வி உங்களுக்குள் எழுந்துவிட்டால் நீங்கள் ஓவியத்துக்குள் நுழைந்துவிட்டீர்கள் என்று அர்த்தம். ஓவியரின் வாழ்க்கை வரலாறு, காலம், பாணி எல்லாம் அதற்குப் பிறகு தெரிந்துகொண்டால் போதும்.

எல்லா ஓவியங்களும் இணையத்தில் கிடைக்கின்றன. வெயிலில் அலைந்து நேரில் போய்ப் பார்க்க வேண்டுமா?

இணையத்தில் கிடைப்பது படத்தின் படம். அதில் முதலில் தொலைந்துபோவது அளவு. உருகி வழியும் கடிகாரங்களை ஸ்பானிய ஓவியர் சால்வதோர் டாலி வரைந்த ஓவியம் உலகப் புகழ் பெற்றது. அது வெறும் 24 செ.மீ. உயரமும் 33 செ.மீ. அகலமும்தான் என்று தெரிந்தால் பலர் வியப்பார்கள். இன்னொரு பக்கம், மொனே தம் கடைசிக் காலத்தில் வரைந்த அல்லிக்குளம் பாரிஸின் ஒராஞ்செரி அருங்காட்சியகத்தில் இரண்டு நீள்வட்ட அறைகளை வளைத்து நிற்கிறது. மொத்தம் 8 படைப்புகள், ஒவ்வொன்றும் ஏறக்குறைய 2 மீட்டர் உயரம். கைபேசித் திரையில் இரண்டும் உள்ளங்கை அளவுதான். ஒன்றைக் குனிந்து பார்க்க வேண்டும், இன்னொன்றுக்குள் நடந்து போக வேண்டும் என்பதை அந்தத் திரை சொல்லாது.

அடுத்துத் தொலைவது தடிமன். எண்ணெய் வண்ண ஓவியத்தைப் பக்கவாட்டில் சாய்ந்து பாருங்கள். சில இடங்களில் வண்ணம் மேடாகக் குவிந்திருக்கும், சில இடங்களில் துணியின் நெசவே தெரியும். தூரிகையின் ஒரு மயிர் உதிர்ந்து வண்ணத்தில் ஒட்டியிருப்பதைக் கண்டுபிடித்த நாளில் நான் அடைந்த மகிழ்ச்சி இன்னும் நினைவில் இருக்கிறது. அந்த ஓவியர் அன்றைக்கு அவசரத்தில் இருந்திருக்கிறார் என்று தோன்றியது.

சிற்பத்தில் இழப்பு இன்னும் பெரிது, ஏனென்றால் சிற்பத்துக்கு முதுகும் உண்டு. சென்னை அருங்காட்சியகத்து நடராசர் செப்புத் திருமேனியைப் பற்றிப் பிரெஞ்சுச் சிற்பி ரொதேன் உருகி உருகி ஒரு கட்டுரை எழுதினார். அவர் மறைந்த பின் 1921இல் அது அச்சாயிற்று. அவர் அந்தத் திருமேனியை நேரில் பார்த்ததே இல்லை. புகைப்படங்களைக் கையில் வைத்துக்கொண்டு எழுதினார். புகைப்படமே அவரை அவ்வளவு அசைத்தது என்றால், சுற்றி நடந்து பார்க்கும் வாய்ப்பு இருக்கிறவர்கள் எவ்வளவு கொடுத்துவைத்தவர்கள்!

ஓர் ஓவியத்தின் முன் எவ்வளவு நேரம் நிற்க வேண்டும்?

இதற்கு விதி இல்லை. ஆனால் ஒரு கணக்கு இருக்கிறது. நியூயார்க்கின் மெட்ரோபாலிடன் அருங்காட்சியகத்தில் பார்வையாளர்களைக் கவனித்து 2001இல் வெளியான ஆய்வில், ஒரு படைப்பின் முன் நிற்கும் சராசரி நேரம் ஏறக்குறைய 27 வினாடி என்று தெரிந்தது. பாதிப் பேர் 17 வினாடிக்குள்ளேயே நகர்ந்துவிட்டார்கள். உலகின் தலைசிறந்த ஓவியங்கள் தொங்கும் இடத்திலேயே அப்படி!

என் பழக்கத்தைச் சொல்கிறேன். முதலில் அரங்கு முழுவதையும் ஒரு சுற்று நடந்துவிடுவேன், எதன் முன்னும் நிற்காமல். அந்தச் சுற்றில் இரண்டு மூன்று படங்கள் சட்டையைப் பிடித்து இழுக்கும். இரண்டாவது சுற்றில் அவற்றிடம் மட்டும் போவேன். ஒவ்வொன்றுக்கும் பத்து நிமிடம். முதல் இரண்டு நிமிடம் எளிது. அதன்பின் சலிப்பு வரும், கால் தானாக நகரப் பார்க்கும். அந்தச் சலிப்பைத் தாண்டி நின்றுவிட்டால், ஏறக்குறைய நான்காவது நிமிடத்துக்குப் பிறகு, அதுவரை கண்ணில் படாதவை ஒவ்வொன்றாக வெளியே வரும். மூலையில் ஒரு நாய், அழித்து மாற்றி வரைந்த கை, பெயர் சொல்ல முடியாத ஒரு நிறம்.

இரண்டாம் உலகப் போரில் லண்டன் தேசிய ஓவியக்கூடம் தன் ஓவியங்களையெல்லாம் வெளியேற்றி, வேல்ஸ் மலைப்பகுதியில் ஒரு கற்பலகைச் சுரங்கத்துக்குள் பாதுகாத்து வைத்தது. சுவர்கள் வெறுமையாகிவிட்டன. 1942 முதல், மாதத்துக்கு ஒரே ஓர் ஓவியத்தை மட்டும் சுரங்கத்திலிருந்து கொண்டுவந்து மாட்டினார்கள். குண்டுவீச்சில் சிதைந்திருந்த நகரத்தில், ஒரே ஒரு படத்தைப் பார்க்க மக்கள் திரண்டு வந்தார்கள். ஒரு பயணத்துக்கு எத்தனை படம் போதும் என்று யாராவது கேட்டால் எனக்கு அந்த ஒற்றைச் சுவர்தான் நினைவுக்கு வரும்.

உள்ளே ஏன் இவ்வளவு மங்கலாக இருக்கிறது? சில அறைகளில் எழுத்துகூடத் தெரியவில்லை.

வெளியே கொளுத்தும் வெயிலிலிருந்து உள்ளே நுழைகிறவர்களுக்கு முதலில் கண் தெரியாதது போல இருக்கும். நிர்வாகம் மின்சாரத்தை மிச்சம் பிடிக்கிறது என்று சிலர் நினைக்கிறார்கள். காரணம் வேறு. ஒளி ஓவியத்தைத் தின்றுவிடும்.

வெளிச்சத்தை அளக்கும் அலகு லக்ஸ். நேரடி வெயிலில் ஏறக்குறைய 1,00,000 லக்ஸ் இருக்கும். நீர்வண்ண ஓவியம், பழைய புகைப்படம், துணி, கையெழுத்துச் சுவடி ஆகியவற்றுக்கு அருங்காட்சியகங்கள் பொதுவாக அனுமதிப்பது 50 லக்ஸ்தான். எண்ணெய் வண்ணத்துக்கு 200 வரை போகலாம். ஒளியால் வரும் சேதம் சேர்ந்துகொண்டே போகும். ஓய்வு கொடுத்தால் ஆறுகிற காயம் அல்ல அது. அதனால்தான் தாளில் வரைந்தவற்றைச் சில மாதங்கள் மட்டும் காட்டிவிட்டு நெடுங்காலம் இருட்டில் வைத்துவிடுகிறார்கள்.

வான் கோ 1888இல் தம் படுக்கையறையை வரைந்தபோது சுவர்களுக்கு இளம் ஊதா தீட்டியதாகக் கடிதத்தில் எழுதியிருக்கிறார். இன்று அந்தச் சுவர்கள் நீலமாகத் தெரிகின்றன. ஊதாவில் கலந்திருந்த சிவப்பு நிறமி ஒளியில் வெளிறிப்போய் நீலம் மட்டும் மிஞ்சிவிட்டது. அந்த அறை நீலம் என்றே நினைத்து அதை நேசிக்கும் கோடிக்கணக்கானவர்களில் நானும் ஒருவன். அவர் பார்த்த நிறம் வேறு என்பது எனக்கு இன்றும் வருத்தம் தருகிறது.

கதவருகே இரண்டு மூன்று நிமிடம் நின்று, கண் பழகிய பின் உள்ளே போங்கள். 50 லக்ஸிலும் எவ்வளவோ தெரியும்.

அப்படியானால் குளிர்சாதனமும் ஓவியங்களுக்காகத்தானா?

ஆமாம், நமக்கு அது உபரி நன்மை. மரப்பலகையும் துணியும் ஈரப்பதம் ஏறினால் விரியும், இறங்கினால் சுருங்கும். மேலே இருக்கும் வண்ணப்பூச்சு அதே வேகத்தில் அசையாது, வெடித்து உதிரும். இந்தப் பாடத்தைத் தெளிவாகக் கற்றுக்கொடுத்தது நான் மேலே சொன்ன அதே சுரங்கம். அங்கே வெப்பநிலையும் ஈரப்பதமும் எப்போதும் ஒரே சீராக இருந்ததால் ஓவியங்கள் நலமாக இருந்தன. போர் முடிந்து லண்டனுக்குத் திரும்பியதும் வண்ணம் உதிரத் தொடங்கியது. அதன்பிறகுதான் அந்த ஓவியக்கூடம் தன் அறைகளுக்குக் குளிர்சாதனம் பொருத்தும் வேலையைத் தொடங்கியது. வெயிலில் வருகிறவர்கள் மெல்லிய சால்வை ஒன்று வைத்துக்கொள்வது நல்லது. ஒரு மணி நேரத்தில் குளிரும்.

கோடைக் காலத்துக்கென்றே நடக்கும் கலை நிகழ்ச்சிகள் உண்டா?

நிறைய உண்டு. லண்டனின் ராயல் அகாடமி 1769 முதல் ஓராண்டும் விடாமல் தன் கோடைக் கண்காட்சியை நடத்திவருகிறது. அதற்கு யார் வேண்டுமானாலும் படைப்பை அனுப்பலாம் என்பதுதான் அதன் அழகு. தேர்வானால் புகழ்பெற்றவர் படத்துக்குப் பக்கத்தில் முதல்முறை வரைந்தவரின் படம் தொங்கும். ஜெர்மனியின் காசல் நகரத்தில் 1955இல் தொடங்கிய டாக்குமெண்டா என்னும் சமகாலக் கலைக் கண்காட்சி இப்போது ஐந்தாண்டுக்கு ஒருமுறை 100 நாள் நடக்கிறது. 1982இல் ஜெர்மன் கலைஞர் யோசஃப் பாய்ஸ் அங்கே 7,000 பாறைக்கற்களைக் குவித்துவைத்து, நகரத்தில் ஓர் ஓக் மரக்கன்று நடப்படும்போதெல்லாம் குவியலிலிருந்து ஒரு கல்லை எடுத்து அதன் அருகில் நட வேண்டும் என்றார். கடைசிக் கன்று 1987இல் நடப்பட்டது. அதைப் பார்க்க அவர் உயிரோடு இல்லை. மரங்கள் வளர்ந்துகொண்டிருக்கின்றன, கற்கள் அப்படியே நிற்கின்றன.

உங்கள் ஊர் அளவுக்கு வந்தால், மே 18 சர்வதேச அருங்காட்சியக நாள். 1977 முதல் கொண்டாடப்படுகிறது. அந்த நாளையொட்டிப் பல இடங்களில் இலவச அனுமதியோ சிறப்பு நிகழ்ச்சியோ இருக்கும். இரவில் அருங்காட்சியகத்தைத் திறந்துவைக்கும் வழக்கம் 1997இல் பெர்லினில் தொடங்கிப் பல நாடுகளுக்குப் பரவியிருக்கிறது. வாய்த்தால் விடாதீர்கள். பகலில் பார்த்த அதே சிற்பம் இரவில் வேறு ஆள் போல இருக்கும்.

பயிலரங்குகள் பல இருக்கின்றன. எதில் சேர்வது?

முன்பே கோடு போட்டுவைத்த படத்துக்கு வண்ணம் நிரப்பச் சொல்லும் பயிலரங்குகளை நான் பரிந்துரைப்பதில்லை. அதை வீட்டிலேயே செய்யலாம். ஒரு பொருளையோ கருவியையோ கையில் எடுத்து, அது எப்படி வேலை செய்கிறது என்று விரல்களால் தெரிந்துகொள்ளும் பயிலரங்கைத் தேடுங்கள். களிமண், மரக்கட்டை அச்சு, காகிதம் தயாரிப்பு, இயற்கைச் சாயம் போன்றவை நல்லவை.

கோடைக்கென்றே பிறந்தது சயனோடைப் என்னும் வெயில் அச்சு. ஜான் ஹெர்ஷல் 1842இல் கண்டுபிடித்தது. அடுத்த ஆண்டே ஆனா அட்கின்ஸ் இந்த முறையில் கடற்பாசிகளைப் பதிவு செய்து நூலாக வெளியிடத் தொடங்கினார். புகைப்பட முறையில் அச்சான படங்களோடு வந்த முதல் நூல் அதுதான்.

செய்முறை இதுதான். இரண்டு இரும்பு உப்புக் கரைசல்களைக் கலந்து, நிழலான அறையில் தாளின்மேல் பூசிக் காயவைப்பார்கள். தாள் மஞ்சள் கலந்த பச்சையாக இருக்கும். நீங்கள் பறித்துவந்த இலையை அதன்மேல் வைத்துக் கண்ணாடியால் அழுத்தி வெயிலில் வைக்க வேண்டும். அப்புறம் பார்த்துக்கொண்டே இருக்கலாம். பச்சை கருத்து நீலமாகி, பிறகு சாம்பல் பூத்த பழுப்பாக மாறும். நல்ல உச்சி வெயிலில் பத்து நிமிடத்துக்குள் ஆகிவிடும். கண்ணாடியை எடுத்துத் தாளைத் தண்ணீரில் போட்டு அலசினால், மஞ்சள் கரைந்து வழிய, ஆழ்ந்த நீலம் எழுந்துவரும். நடுவில் இலை வெள்ளையாக இருக்கும். மெல்லிய இலையானால் நரம்புகூடத் தெரியும். காயக் காய நீலம் இன்னும் கனக்கும். தண்ணீருக்குள் அந்த நீலம் வரும் நொடியில் பெரியவர்களும் "ஆ" என்பதை நான் எத்தனையோ முறை கேட்டிருக்கிறேன். உள்ளே ஓவியத்தின்மேல் படக்கூடாது என்று திரைபோட்டுத் தடுக்கும் அதே வெயில், வெளியே முற்றத்தில் படம் வரைந்து கொடுக்கிறது.

குழந்தைகளை அழைத்துப் போகலாமா? எந்த வயதிலிருந்து?

எந்த வயதிலும். குழந்தைகளுக்கென்றே ஓர் அருங்காட்சியகம் வேண்டும் என்று நியூயார்க்கின் புரூக்ளினில் முதன்முதலாகத் திறந்தது 1899இல். அதற்கு முன்னும் பின்னும் குழந்தைகள் நம்மைவிட நன்றாகத்தான் பார்த்துவந்திருக்கிறார்கள். ஒருமுறை வண்ணம் தீட்டிய மரக்குதிரைச் சிற்பம் ஒன்றின் அடியில், ஆறேழு வயதுச் சிறுமி குனிந்து எட்டிப் பார்த்தாள். "அம்மா, குதிரையின் வயிற்றுக்கு வண்ணமே அடிக்கவில்லை" என்றாள். நானும் குனிந்தேன். உண்மைதான், அங்கே மரம் வெறுமையாக, உளியின் தடத்தோடு இருந்தது. அதற்கு முன் மூன்று முறை அந்தச் சிற்பத்தைப் பார்த்தவன் நான்.

சிறு பிள்ளைகளோடு போனால் நாற்பது நிமிடம் போதும். அழத் தொடங்கும் முன் கிளம்பிவிடுங்கள், அடுத்த முறை அவர்களே கூப்பிடுவார்கள். எந்தப் படத்தின் முன் நிற்பது என்பதை அவர்களே முடிவு செய்யட்டும். "இது என்ன, சொல்லு பார்ப்போம்" என்று தேர்வு வைக்காதீர்கள். "இந்தப் படத்துக்குள் போனால் எங்கே உட்காருவாய்?" என்பது போன்ற கேள்விதான் அவர்களைப் பேசவைக்கும்.

தவறி ஏதாவது நடந்துவிடுமோ என்ற அச்சம் பெற்றோருக்கு இருக்கும். 2015 ஆகஸ்டில் தைபேயில் நடந்த ஒரு கண்காட்சியில் 12 வயதுச் சிறுவன் கால் தடுக்கி, 17ஆம் நூற்றாண்டு ஓவியமாகக் காட்சிக்கு வைத்திருந்த படத்தின்மேல் விழுந்ததில் துணி கிழிந்துவிட்டது. கையில் பானம் இருந்தது. அமைப்பாளர்கள் அந்தக் குடும்பத்திடம் இழப்பீடு கேட்கவில்லை, பையனைக் குறைசொல்ல வேண்டாம் என்றார்கள். இதிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது எளிது: கையில் எதுவும் வேண்டாம், முதுகுப்பையை முன்னால் மாட்டிக்கொள்ளட்டும், படத்திலிருந்து ஒரு கை நீளத்துக்கு மேல் தள்ளி நிற்கட்டும்.

தொட்டால் என்ன ஆகிவிடும்? கல்லும் உலோகமும்தானே?

விரலில் வியர்வையும் எண்ணெயும் உப்பும் இருக்கின்றன. ஒரு விரல் ஒன்றும் செய்யாது, ஆனால் வருகிறவர்கள் எல்லோருக்கும் அதே எண்ணம் வரும். வாடிகனின் புனித பேதுரு பேராலயத்தில் இருக்கும் வெண்கலப் பேதுருவின் வலது பாதத்தைப் பாருங்கள். நூற்றாண்டுகளாகப் பக்தர்கள் தொட்டுத் தொட்டு விரல்களே மழுங்கிவிட்டன. அது வழிபாடு, அதற்கு நியாயம் உண்டு. காட்சிக்கூடத்தில் அந்த நியாயம் இல்லை.

ஆனால் தொட்டுப் பார்ப்பதும் ஓர் உரிமை என்று வாதாடி வென்றவர்கள் உண்டு. இத்தாலியின் அங்கோனாவில் 1993இல் தொடங்கிய ஒமேரோ அருங்காட்சியகம், எங்கே போனாலும் "தொடாதே" என்று தடுக்கப்பட்ட பார்வையற்ற தம்பதியின் எண்ணத்தில் பிறந்தது. அங்கே எல்லாவற்றையும் கையால் தடவிப் பார்க்கலாம். உங்கள் ஊர் அருங்காட்சியகத்திலும் தொட்டுணரும் நேரமோ மாதிரிப் பொருள்களோ இருக்கின்றனவா என்று கேளுங்கள். பார்வை உள்ளவர்களும் கண்ணை மூடி ஒருமுறை முயன்றுபார்க்க வேண்டும்.

படத்தின் பக்கத்தில் இருக்கும் விளக்கச் சீட்டில் எண்கள் எதற்கு?

பெயர், ஓவியர், ஆண்டு ஆகியவற்றுக்குக் கீழே அளவு இருக்கும். ஓவியத்துக்கு உயரத்தை முதலிலும் அகலத்தை அடுத்தும் தருவது வழக்கம். கடைசியில் வரும் எண் அருங்காட்சியகத்தின் பதிவு எண். பல இடங்களில் அதன் முதல் பகுதி, பொருள் அங்கே வந்து சேர்ந்த ஆண்டு. "இன்னாரின் பரிசு" என்ற குறிப்பையும் படியுங்கள். அந்தப் பொருள் ஒரு வீட்டில் இருந்தது, ஒரு நாள் யாரோ அதை எல்லோருக்கும் கொடுத்துவிட முடிவு செய்தார்கள் என்பது அந்த ஒரு வரியில் இருக்கிறது. சீட்டை முதலில் படிக்காமல், படத்தைப் பார்த்த பிறகு படிப்பது என் வழக்கம்.

சிறிய உள்ளூர்க் கண்காட்சிக்குப் போகத் தயக்கமாக இருக்கிறது. வாங்கச் சொல்வார்களோ?

சொல்ல மாட்டார்கள். பார்க்க வருகிறவர்களுக்காகத்தான் கதவு திறந்திருக்கிறது. படத்தின் அருகில் சிவப்புப் புள்ளி ஒட்டியிருந்தால் அது விற்றுவிட்டது என்று அர்த்தம், அவ்வளவுதான்.

பெரிய அருங்காட்சியகத்தில் கிடைக்காத ஒன்று இங்கே கிடைக்கும். ஓவியர் அங்கேயே உட்கார்ந்திருப்பார். பெரும்பாலும் தனியாக. பத்து நாள் கண்காட்சியில் அவருக்குக் கிடைக்கும் உரையாடல்கள் மிகக் குறைவு. "நன்றாக இருக்கிறது" என்று சொல்லி நகர்ந்துவிடாதீர்கள். "இதில் எதை முதலில் வரைந்தீர்கள்?" "எப்போது முடிந்தது என்று எப்படித் தெரிந்தது?" என்று கேளுங்கள். அவர் முகம் மாறுவதைப் பார்ப்பீர்கள். ஒருமுறை ஓர் ஓவியர் என்னிடம், அந்தப் படத்தின் வானத்தை நான்கு முறை சுரண்டி எடுத்ததாகச் சொல்லி, சுரண்டிய இடத்தில் அடிவண்ணம் எட்டிப்பார்ப்பதை விரல் படாமல் சுட்டிக்காட்டினார். அவர் சொல்லாவிட்டால் அது எனக்கு வெறும் மேகம்.

திறப்பு விழா மாலையில் கூட்டமும் பேச்சும் இருக்கும், படம் பார்க்க முடியாது. ஓவியரைச் சந்திக்க வேண்டுமானால் வாரநாள் பிற்பகலில் போங்கள்.

புகைப்படம் எடுக்கலாமா?

வாசலில் எழுதியிருப்பதைப் பாருங்கள், இல்லாவிட்டால் கேளுங்கள். அனுமதிக்கும் இடங்களிலும் ஃபிளாஷும் செல்ஃபி குச்சியும் பொதுவாகக் கூடாது. இரவல் வாங்கிவந்த படைப்புகளுக்குத் தனி விதி இருக்கும். வாழும் ஓவியரின் படத்தை வெளியிடுவதாக இருந்தால் அவரிடம் ஒரு வார்த்தை கேட்டு, பெயரையும் போடுங்கள். நான் முதலில் பார்த்துவிட்டுப் பிறகுதான் கைபேசியை எடுப்பேன். முதலில் எடுத்துவிட்டால் மனம் "அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்" என்று சொல்லிவிடுகிறது.

உட்கார்ந்து வரையலாமா? எனக்கு வரையத் தெரியாது.

தெரியாவிட்டால் இன்னும் நல்லது. கோணலாக வரும் கோட்டைத் திருத்துவதற்காக மூலத்தை மறுபடி மறுபடி பார்க்க வேண்டியிருக்கும். பென்சிலும் சிறு குறிப்பேடும் பெரும்பாலான இடங்களில் அனுமதிக்கப்படும். பேனாவும் வண்ணமும் அனுமதி கேட்க வேண்டியவை. லூவர் அருங்காட்சியகம் 1793இல் திறந்த காலத்திலிருந்தே அங்கே ஓவியர்கள் ஓவியத் தாங்கி வைத்துப் படியெடுத்து வருகிறார்கள். முக்கியமான ஒரு நிபந்தனை, படி மூலத்தின் அளவில் இருக்கக் கூடாது.

ஒரு மணி நேரத்தில் கால் கடுத்து, தலை கனத்துவிடுகிறது. எனக்கு மட்டும்தானா?

எல்லோருக்கும். பாஸ்டன் நுண்கலை அருங்காட்சியகத்தின் பெஞ்சமின் ஐவ்ஸ் கில்மன் 1916இலேயே இதற்கு "அருங்காட்சியகச் சோர்வு" என்று பெயர் வைத்துக் கட்டுரை எழுதினார். ஒருவரைக் காட்சிப்பேழைகள் முன் நிறுத்தி, அடித்தட்டில் இருப்பதைப் பார்க்க அவர் எப்படியெல்லாம் குனிந்து வளைந்து மண்டியிட வேண்டியிருக்கிறது என்று படம் எடுத்துக் காட்டினார். குறை பார்வையாளர்களிடம் இல்லை, பொருள்களை வைத்த விதத்தில் இருக்கிறது என்பது அவர் வாதம். நாற்காலி கண்ட இடத்தில் உட்காருங்கள். நல்ல அருங்காட்சியகம் நல்ல படத்துக்கு எதிரே நாற்காலி போட்டிருக்கும். முதியவர்களோடு போனால் சக்கர நாற்காலி, மின்தூக்கி பற்றி முதல்நாளே தொலைபேசியில் கேட்டுவிடுவது நல்லது.

எந்த நாளில், எந்த நேரத்தில் போவது?

வாரநாளில், திறந்தவுடன். வார விடுமுறை இடத்துக்கு இடம் மாறும். பல அருங்காட்சியகங்களுக்குத் திங்கள், லூவருக்குச் செவ்வாய், வேறு சிலவற்றுக்கு வெள்ளி. பார்க்காமல் கிளம்பினால் பூட்டிய கதவைத்தான் பார்ப்பீர்கள். இலவச நாளில் கூட்டம் அதிகம். அன்றைக்குப் போய் எது பிடிக்கிறது என்று தெரிந்துகொண்டு, அதற்காகவே இன்னொரு நாள் டிக்கெட் எடுத்துப் போவது நல்ல வழி.

போனேன், பார்த்தேன், எதுவுமே பிடிக்கவில்லை. என்ன செய்வது?

பிடிக்காததிலும் அதிகம் பிடிக்காதது எது என்று ஒன்றைத் தேர்ந்தெடுத்து, அதன் முன் ஐந்து நிமிடம் நில்லுங்கள். எது உறுத்துகிறது? நிறமா, முகமா, வெற்றிடமா? உங்கள் ரசனையின் எல்லைக்கோடு அங்கேதான் ஓடுகிறது. அதன்பிறகும் பிடிக்காவிட்டால் பிடிக்கவில்லைதான். அப்படிச் சொல்வதற்கு எல்லா உரிமையும் உண்டு. நான் வெறுத்த ஓவியர் ஒருவர், பல ஆண்டுகளுக்குப் பின் எனக்கு மிக நெருக்கமானார். அவர் படங்கள் மாறவில்லை.

கண்காட்சி முடிய ஒரே நாள்தான் இருக்கிறது. இனிப் போய்ப் பயனுண்டா?

உண்டு. கடைசி நாள் பிற்பகலில் போங்கள், முடியும் நேரம் வரை இருங்கள். ஓவியர் கட்டாயம் அங்கே இருப்பார். நேரம் முடிந்ததும் படங்களைச் சுவரிலிருந்து இறக்கத் தொடங்குவார்கள். இடைஞ்சலாக இல்லாமல் ஓரமாக நின்று பார்க்கலாமா என்று கேட்டால், மறுப்பவர்கள் குறைவு. அப்போது கான்வாஸின் பின்பக்கம் தெரியும். ஆணியடித்த மரச்சட்டம், மடித்த துணியின் விளிம்பில் வழிந்து உறைந்த வண்ணம், பென்சிலில் எழுதிய தேதி, பழைய கண்காட்சிகளின் சீட்டுகள் ஒன்றன்மேல் ஒன்றாக. தலைப்பை முதலில் ஒன்று எழுதி, அடித்துவிட்டு வேறொன்று எழுதியிருப்பதையும் சில நேரம் காணலாம்.